பன்னெண்டு கேட்டாங்க, ஆறுல முடிச்சோம்

அதையேதானுங்க நானும் கேக்கறேன். படி ஏறாதீங்கன்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கறாங்க. அதப் படிக்கறதுக்கு இருவத்திரண்டு படி ஏறி வரோணும். லிஃப்ட்டு ஸ்ட்ரெச்சருக்கு மட்டுமாமா. மூட்டு தேஞ்சவன் நடந்து வரோணும், மூட்டு ஒடஞ்சவன் படுத்துட்டு வரலாம். நல்ல நாயமுங்க. நீங்க இப்படி உக்காருங்க பாய், அந்தக் கடைசிச் சேரு வேண்டாம், அதுக்கு ஒரு காலு கட்டை. எலும்பு ஆஸ்பத்திரியிலயே சேருக்குக் காலு சரியில்ல, நாம என்னத்தச் சொல்றது.

டோக்கன் எத்தனைங்க? நாப்பத்தி மூணா. இப்பத்தான் முப்பத்தாறு உள்ள போயிருக்குது. சாவகாசமா உக்காருங்க. பேரு உமர் பாரூக்குங்களா? இல்ல, ஃபைல் மேல எழுதியிருக்குதே, அதுல பாத்தேன். கோட்டைமேடா, சரி சரி. நமக்குப் பல்லடம். குமாரசாமின்னா ஒருத்தருக்கும் தெரியாது, கேட்டு குமாரசாமின்னாச் சொல்லுவாங்க. விசைத்தறித் தொழிலாளர் சங்கமுங்க. நாப்பது வருசமா தறிக்குடோன் கேட்டுக்கு முன்னால நின்னு பேசிப் பேசி, கேட்டே பேரோட ஒட்டிக்கிச்சு. குடோனுக்குள்ள போனவனுக்கெல்லாம் ஊடு வாசல் ஆயிருச்சு. கேட்டுல நின்னவனுக்குப் பட்டம்.

அந்தப் போஸ்டர ஒருக்காப் பாருங்க. 'மூட்டுகளைக் காக்கப் பத்து வழிகள்.' நான் எழுதாத நோட்டீசா? ஏழாங்கிளாசோட பள்ளிக்கூடத்த உட்டுப்போட்டேன். அப்பறம் படிச்சதெல்லாம் நோட்டீசு, எழுதுனதும் நோட்டீசு. நோட்டீசுன்னாப் படிக்கறவன் கை நடுங்கோணுமுங்க. இதுல என்ன இருக்குது? தரையில சம்மணம் போட்டு உக்காராதீங்க. குத்தவெக்காதீங்க. ஒடம்பு எடையக் கொறைங்க. தினமும் அரைமணி நேரம் வெயில்ல நில்லுங்க, எலும்புக்குச் சத்து. ஏனுங்க பாய், கேட்டுக்கு முன்னால தரையில சம்மணம் போட்டு, வெயில்ல உக்காந்தே பொழப்ப ஓட்டுனவன் நான். வெயில் கணக்குப் பாத்தா எம்பட எலும்பு இரும்பா இருக்கோணும். சம்மணக் கணக்குப் பாத்தா எம்பட மூட்டு மண்ணாப் போயிருக்கோணும். ரெண்டும் ஒரே தர்ணா. எதுல சேக்கறதுன்னு இந்த நோட்டீசு எழுதுன மகராசனத்தான் கேக்கோணும்.

மூட்டு நல்லாத்தான் இருக்குது எனக்கு. கெரகம் தோள்ல. பாருங்க, வலது கை… இவ்வளவுதான். காது வரைக்கும். இதுக்கு மேல தூக்குனா உள்ளாற கொக்கி போட்டு இழுக்கற மாதிரி இருக்குது. தோள் உறைஞ்சுபோச்சாமா. சக்கரை இருக்கறவங்களுக்கு எச்சா வருமாமா. ஒரு சங்கத்துக்காரனுக்கு எந்த எடத்துல சீக்கு வரோணுமோ கரெக்டா அங்க வந்து உக்காந்திருக்குது பாருங்க. முஷ்டி தலைக்கு மேல போனாத்தான் அது கோஷம். காதோட நின்னுச்சுன்னா கொசு ஓட்டற மாதிரி இருக்குது. போன வருசம் ஆர்ப்பாட்டத்துல இப்படித் தூக்குனேன், பத்திரிகைக்காரன் படம் புடிச்சுப் போட்டுட்டான். எம்பட ஊட்டுக்காரி பழனியாத்தா பாத்துப்போட்டு, ஏனுங்க, அன்னைக்குக் காது வலியான்னு கேக்கறா.

அதுக்குத்தான் மொதல்ல இங்க வந்தேன். டாக்டரம்மணி மேக்னா. எம்பட பேத்தி வயசு இருக்குமுங்க. கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே பேசுவாங்க. ஊசி கீசி எதுவும் இல்ல. செவுத்தப் பாத்து நின்னுக்கிட்டு, வெரல பல்லி ஏறற மாதிரி மெதுவா மேல நடக்க உடோணுமாமா. எட்டுன எடத்துல பென்சில்ல ஒரு கோடு. நாளைக்கு அதுக்கு மேல ஒரு கோடு. சுடுதண்ணி ஒத்தடம் குடுத்துட்டு, ஒரு நாளைக்கு மூணு வேளை, வேளைக்குப் பத்து நிமிசம். மூலதனத்தப் பத்தி மூணு மணி நேரம் பேசுனவன், ஊட்டுச் செவுத்துல பல்லி ஓட்டோணுமாமா. நான் சொன்னேன், அம்மணி, மூணு வேளையெல்லாம் கட்டுபடியாகாது, ஒரு வேளைன்னு முடிச்சுக்குவோம்னு. அவங்க திருப்பி மூணுன்னாங்க. நான் ஊட்டுக்குப் போயி ஒண்ணுன்னே வெச்சுக்கிட்டேன். அப்பறம் அந்த ஒண்ணும்… கூட்டம் இருக்கற நாள்ல எங்கீங்க முடியுது. செவுத்துல நாலு கோடு இருக்குது. நாலும் ஒரே உசரம்.

சிரிக்கறீங்க. பேரம் பேசற எடமா இதுன்னு கேக்கறீங்க, அதான? கடை வெச்சிருக்கறவருங்களா பாய், அப்ப உங்குளுக்குத் தெரியாததில்ல. எந்த எடத்துலயும் மொதல்ல சொல்றது நம்பரே இல்லீங்க. அது கொடிக்கம்பம். அங்க நின்னு பேச ஆரம்பிக்கலாம்னு அடையாளம். கூலி ஒசத்தோணும்னா மொதலாளி நூத்துக்கு அஞ்சும்பான், நாம இருவதும்போம். டீ வரும். கோவிச்சுக்கிட்டு வெளிய போவோம். ஒண்ணுக்குப் போயிட்டு உள்ள வருவோம். பதினொண்ணுல கையெழுத்து. அஞ்சும் பொய், இருவதும் பொய், பதினொண்ணுதான் நெசம். மொத நம்பருக்குத் தலையாட்டிட்டு வந்தவன கேட்டுல நிக்க உடுவாங்களா? டாக்டருக மட்டும் என்ன வானத்துல இருந்தா குதிச்சாங்க? பத்து கிலோ கொறைங்கம்பாங்க. நாலு கொறைச்சாப் போதும்னு அவங்களுக்கே தெரியும். நாம நாலுல நிப்போம்னு தெரிஞ்சுதான் பத்துன்னு சொல்றது.

உங்க கைக்கு எத்தன வாரம் சொன்னாங்க? ஆறா. ஆனது? மூணு. ஆமா, அந்தப் பென்சில மாவுக்கட்டுக்குள்ள உட்டுச் சொறியாதீங்க. தோலு கீறிச்சுன்னா உள்ளயே சீழு புடிக்கும், வெளிய தெரியாது. வெரல ஆட்டுங்க பாக்கலாம். மரத்துப்போவுதா? வீக்கம்? இல்ல. நீலமாவுதா? இல்ல. அப்பச் சரி. கைய இப்படித் தொங்கப்போடாதீங்க, நெஞ்சுக்கு மேலயே வெச்சுக்குங்க. இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா, ரெண்டு மாசமா இங்கயேதான் குடியிருக்கறேன்.

நிக்காஹா? மகளுக்கா? அஃப்ரா… நல்ல பேருங்க. எப்ப? அடுத்த ஞாயித்துக்கெழமையா. சரிதான். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்து கட்டிப்புடிக்கறப்ப இந்தக் கட்டு நடுவுல நந்தி மாதிரி நிக்கும். அதக் கேக்கறதுக்குத்தான் இன்னைக்கு வந்தீங்களா, முன்னாலயே அவுத்துடலாமான்னு? அட, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நாப்பத்தி மூணு கூப்புடறப்ப நானும் ஒட்டுக்கா வாரேன். நீங்க மொகத்த இப்படி வெச்சுக்குங்க, வலி இல்லாத மொகமா. மீதிய நான் பாத்துக்கறேன். ஆறுங்கறாங்களா, ஞாயித்துக்கெழமைக்கு முன்னால அவுக்க வெக்கறேன். பன்னெண்டையே ஆறாக்குனவன் நான்.

அது பழனியாத்தாளுக்குங்க. எம்பட ஊட்டுக்காரிக்கு. இப்ப உள்ளதான் இருக்கறா, அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால. இன்னொருக்கா ஆப்பரேசனுங்கறாங்க.

மார்ச்சு மாசம் சங்கத்துல மண்டபக் கூட்டம். பரண் மேல கொடி மூட்டை கெடந்துது. ஸ்டூலப் போட்டு ஏறுனவ, எறங்கறப்ப ஸ்டூலு ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். கொடிய மட்டும் கெட்டியாப் புடிச்சிருந்தா. முட்டிக்குக் கீழ இருக்கற பெரிய எலும்பு, மூட்டோட சேந்த எடத்துல வெறகு மாதிரி பொளந்துபோச்சு. எம்பட பங்காளி திருமூர்த்தி, அவனுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு வழி இருக்கும், காங்கேயத்துப் பக்கம் ஒருத்தரு மூங்கில் பட்டையும் முட்டை வெள்ளையும் வெச்சுக் கட்டறாரு, வண்டிய அங்க திருப்புங்கறான். நான் உடல. பகுத்தறிவுன்னு மேடையில பேசிப்போட்டு முட்டை வெள்ளைக்கு எப்படிப் போறது? நேரா இங்கதான். பிளேட்டு வெச்சு ஏழு ஸ்க்ரூ போட்டாங்க. டாக்டரம்மணி படத்தக் காட்டி, எலும்பு நெம்ப மெலிஞ்சிருக்குது, இவங்க வெயிலே பாத்ததில்லையான்னு கேட்டாங்க. எங்கீங்க பாக்கறது. தோழர்க வந்தாங்கன்னா இருவது பேரு, முப்பது பேரு. நான் வெயில்ல, அவ அடுப்புல.

அன்னைக்குத்தான் டாக்டரம்மணி சொன்னாங்க, பன்னெண்டு வாரம் கால ஊனக் கூடாதுன்னு. கெட்டியாச் சொன்னாங்க. கட்டல்லயே கெடந்து, தொடையச் சுருக்கி, பத்து எண்ணி உடோணும். பாதத்த மேலயும் கீழயும் ஆட்டோணும். வாக்கர் புடிச்சு கக்கூசுக்குப் போகலாம், ஆனா அந்தக் கால் தரையில படக் கூடாது. நான் அங்கயே ஆரம்பிச்சுட்டேன். அம்மணி, பன்னெண்டுன்னா மூணு மாசம், ஆறுல முடிங்கன்னேன். முடியாதுங்கய்யான்னாங்க. எட்டுன்னேன். கேக்கல. கூலி ஒப்பந்தத்துலயே பாதிக்குப் பாதி உட்டுக்குடுத்திருக்கறாங்க, நீங்க படிச்சவங்கன்னேன். அப்பறம் அவங்க பேசல. கம்ப்யூட்டரப் பாத்தாங்க. நான் அங்கிருந்து எந்திரிச்சேன். முடிஞ்சுது. ஆறு.

ஆறு வாரத்துல எந்திரிச்சு நடந்தா பழனியாத்தா. நெசமா. ஊர் பாத்துச்சு.

இப்ப என்னடான்னா எலும்பு அமுந்துபோச்சாமா, ஸ்க்ரூ ரெண்டு வெளிய தலைய நீட்டுதாமா. அவங்க வெச்ச பிளேட்டு, அவங்க முடுக்குன ஸ்க்ரூ. நம்ம பக்கத்துல தறியில நட்டு கழண்டுபோச்சுன்னா முடுக்குன பிட்டரத்தான் கேப்போம், தறியவா கேப்போம்? உடமாட்டனுங்க. இதோ, பையில வெச்சிருக்கறேன். நோட்டீசு. இன்னைக்கு என்ன சொல்றாங்கன்னு பாத்துப்போட்டு நாளைக்கே அச்சாபீசுக்குக் குடுக்கறேன். தலைப்பக் கேளுங்க. 'எலும்பில் வைத்தது தகடா? ஏமாற்று வேலையா?' எப்படி? கீழ படிக்கறேன், இருங்க, கண்ணாடி… 'ஆறு வாரத்தில் நடக்கலாம் என்று சொல்லி ஓர் உழைக்கும் பெண்ணை நடக்க வைத்தது யார்? அவள் கால் முறிந்ததற்குப் பொறுப்பேற்பது யார்? பதில் சொல்லும் வரை ஓயமாட்டோம்.' மூணே வரி. படிச்சவன் கை நடுங்கோணும்னு சொன்னேனே, அது இது. கேட்டுல நூறு பேரு நின்னாப் போதும், இந்த ஆஸ்பத்திரி பேசறதுக்கு வரும்.

ஏனுங்க சிஸ்டர்? பழனியாத்தாளுக்கா? நான்தான், நான்தான். பாய், பைய மட்டும் பாத்துக்குங்க. நோட்டீசு அதுலதான் இருக்குது. இதா வாரேன்.

*

வந்துட்டேனுங்க.

பை… ஆமாங்க, இருக்குது. தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் போதும். டோக்கன் எத்தன போயிருக்குது? நாப்பத்தியொண்ணா. சரி.

இன்னைக்கே ஆப்பரேசன். பழைய பிளேட்டக் கழட்டிப்போட்டு, இடுப்பெலும்புல இருந்து சித்த எடுத்து அந்தக் குழியில வெச்சு, வேற பிளேட்டு. ஃபாரம் குடுத்திருக்கறாங்க. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வாங்கன்னாங்க. மூணு பக்கம் பாருங்க, எத்தன சரத்து. மயக்க மருந்துல இப்படி ஆகலாம், அப்படி ஆகலாம், மறுபடி நடக்க முடியாமக் கூடப் போகலாம்… ஒவ்வொண்ணுக்கும் கீழ சம்மதம், சம்மதம். சரத்து அடிக்காம ஒரு தாள்லயும் நான் கையெழுத்துப் போட்டதில்லீங்க. சட்டைப் பையில எப்பவும் செவப்புப் பேனாதான் இருக்கும். அடிக்கறதுக்கு.

நான் உள்ள போனப்ப பழனியாத்தா டாக்டரம்மணிகிட்டப் பழமை பேசிட்டு இருந்தா. பச்சை அங்கி போட்டு, தலைக்கு அந்தத் தொப்பி மாட்டி. நோம்பிக்கு ஊட்டுக்கு வந்த ஒறம்பரைகிட்டப் பேசற மாதிரி அவ்வளவு மருவாதியாப் பேசறா. 'நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க அம்மணி. உங்க மேல தப்பில்ல. நீங்க சொன்னாப்ல ஆறு வாரம் ஒரு நாள் தப்பாம காலத் தூக்கியே வெச்சிருந்தேன். எம்பட எலும்புதான் மோசம்'னு.

நீங்க சொன்னாப்லங்கறா.

டாக்டரம்மணி என்னையப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. அன்னைக்குக் கம்ப்யூட்டரப் பாத்துட்டுச் சும்மா இருந்தாங்க பாருங்க, அதே மாதிரி. அன்னைக்கு அத சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். மொதலாளி பேச்ச நிறுத்திட்டான்னா அவன் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டான்னு அர்த்தம், அதுதான் நமக்குத் தெரிஞ்ச பாடம். இந்த அம்மணி கணக்குப் போடல. பதில் சொல்லி முடிச்சுட்டாங்க, அவ்வளவுதான். மருந்துச் சீட்டுலயே எழுதியிருந்துது பாய், பன்னெண்டு வாரம்னு, அடியில ஒரு கோடும் போட்டு. அந்தச் சீட்ட நான் மடிச்சு சங்க டைரிக்குள்ள வெச்சுக்கிட்டேன். அவ அப்ப மயக்கம் தெளியாமப் படுத்திருந்தா, அப்பறமும் அவளுக்குக் காட்டல.

ஊட்டுக்குப் போனதும் அறிவிச்சேன். கேட்டுல அறிவிக்கற மாதிரிதான். 'புள்ள, பன்னெண்டு கேட்டாங்க, ஆறுல முடிச்சுப்போட்டேன்'னு. படுத்துக்கெடந்தவ சிரிச்சா. உங்ககிட்ட ஆரு பேசி செயிக்கறதுன்னா.

ஏன் ஆறு? நல்லாக் கேட்டீங்க. ஏழு இல்ல, அஞ்சு இல்ல. காலண்டரப் பாத்தனுங்க. ஆப்பரேசன் ஆனது மார்ச்சு இருவது. எண்ணிப் பாருங்க. ஆறாவது வாரத்துல மே ஒண்ணு. அவ்வளவுதான் அந்த ஆறு. எலும்புல இருந்து வந்த நம்பர் இல்ல. எங்க தெருவுல கொடியேத்து. முப்பத்தியெட்டு வருசமா மே தினத்துக்கு அவ இல்லாம கொடி ஏறுனதில்ல. அவ கட்டல்ல கெடந்தா, குமாரசாமி ஊட்ல எல்லாம் முடிஞ்சுபோச்சும்பாங்கன்னு… இல்ல, அது கூட இல்லீங்க. தோழர்க முன்னால காட்டோணும். சங்கத்துல இப்ப எளவட்டங்க வந்துட்டாங்க, குமாரசாமியண்ணன் பேச்சுவார்த்தைக்கு வேண்டாம், காலம் மாறிப்போச்சுன்னு காதுபடப் பேசறாங்க. ஆஸ்பத்திரியக் கூட நான் பேசி முடிப்பேன்னு அவங்க பாக்கோணும்.

நடந்தா. வாக்கர அவ கையில இருந்து நான்தான் வாங்கி ஓரமா வெச்சேன். வாசல்ல இருந்து கொடிக்கம்பத்துக்கு இருவத்தியேழு எட்டு எடுத்து வெக்கோணும். தோழர்க ரெண்டு பக்கமும் நின்னு கை தட்டறாங்க. எம்பட தோளு மேல போகாதே, அதனால கயித்த அவளே இழுத்தா. நான் மைக்க வாங்கி, பன்னெண்டு கேட்டாங்க, ஆறுல முடிச்சோம்னேன். முடிச்சோம். நான் ஒருத்தன் பேசுனதுக்கு எத்தன பேரச் சேத்திருக்கறேன் பாருங்க. அதுக்கு இன்னம் எச்சாக் கை தட்டல்.

திரும்பி ஊட்டுக்குள்ள வாரப்ப சொன்னா, ஏனுங்க, முட்டிக்குள்ள என்னமோ நழுவுன மாதிரி இருக்குதுன்னு. நான் சொன்னேன், பழக்கமில்லாத வலி, நடக்க நடக்க சரியாப்போகும்னு. டாக்டரு மாதிரியே சொன்னேன். அப்பறம் ரெண்டு வாரம் நடந்தா. டீ வெச்சா. சோறாக்குனா. நான் கேக்கலீங்க. அவளும் சொல்லல. கால் கோணிக்கிட்டுப் போறத பக்கத்து ஊட்டுக்காரங்கதான் பாத்துச் சொன்னாங்க.

அவ ஸ்டூல் ஏறுனதே… எம்பட கை மேல போயிருந்தா அவ எதுக்கு ஏறோணும். மூணு வேளைய ஒண்ணாக்குனேன்னு சிரிச்சேனே உங்ககிட்ட. நாலு கோடு, ஒரே உசரம்.

இந்த நோட்டீச இன்னொருக்காப் படிக்கறேன் கேளுங்க. 'ஆறு வாரத்தில் நடக்கலாம் என்று சொல்லி ஓர் உழைக்கும் பெண்ணை நடக்க வைத்தது யார்?' கேள்வி நல்ல கேள்விதானுங்க. இத்தன வருசத்துல நான் எழுதுன கேள்வியிலயே இதுக்குத்தான் பதில் கைவசம் இருக்குது.

பாய், உங்ககிட்ட நீலப் பேனா இருக்குதுங்களா? செவப்புல போட்டா ஃபாரம் செல்லாதாமா. சிஸ்டர் கண்டிச்சு சொல்லிட்டாங்க. இருக்குதா, குடுங்க. சட்டைப் பையில இருந்தா நானே எடுத்துக்கறேன், நீங்க கைய அசைக்காதீங்க.

இதுல ஒண்ணு. இங்க ஒண்ணு. மூணாவது பக்கத்துல… உறவு முறைன்னு போட்டிருக்குது. கணவர். போட்டாச்சு. ஒரு சரத்தக் கூட அடிக்கல பாருங்க. சங்கத்துல சொன்னா நம்பமாட்டாங்க.

டாக்டரம்மணி கடைசியா என்னையத் தனியாக் கூப்புட்டு, மறுபடியும் பன்னெண்டு வாரம்ங்கய்யா, எக்ஸ்ரேல எலும்பு கூடலேன்னா அதுக்கு மேலயும் ஆகலாம்னாங்க. சொல்லிப்போட்டு நிக்கறாங்க. நான் பேசுவேன்னு எதிர்பாத்து நிக்கறாங்க. நான் சரிங்கன்னேன். அவங்க நம்பாம, புரிஞ்சுதுங்களான்னு திருப்பிக் கேட்டாங்க.

அது முடிஞ்சுது. இன்னொண்ணுதான் பாக்கி. அவ உள்ள போறதுக்கு முன்னால சொல்லிப்போடோணும். எம்பட எலும்புதான் மோசம்னு நெனைச்சுக்கிட்டே மயக்க மருந்து வாங்கிக்கக் கூடாதில்லீங்க. மறுபடி கண்ணு முழிப்பா, முழிக்காம என்ன… ஆனா இந்த ஃபாரத்துல எல்லாத்தையும்தான எழுதியிருக்கறான்.

எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. மைக்கு இருந்தா மூணு மணி நேரம் பேசுவேன். ஒருக்கா உங்ககிட்டச் சொல்லிப் பாக்கறேன், சரியா வருதான்னு கேளுங்க. 'இன்றைய சூழ்நிலையில், பல்வேறு காரணங்களால்…' இல்ல. இது அறிக்கை. 'பழனியாத்தா, நாம ஒரு முடிவெடுத்தோம்'… நாம இல்ல. நாம எங்க எடுத்தோம். 'புள்ள, டாக்டரு பன்னெண்டுன்னுதான் சொன்னாங்க. சீட்டுல எழுதியே குடுத்தாங்க. ஆறுங்கறது நாஞ்சொன்னது.' அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு வார்த்த சேத்தாலும் மேடைப்பேச்சாயிரும். சரியா வந்துதுங்களா பாய்?

பாய்?

டோக்கன் போர்டுல நாப்பத்தி மூணு ஓடுதே. எப்பப் போனாரு? பேச்சுவார்த்தைக்கு ஒட்டுக்கா வாரேன்னு சொன்னவன உட்டுப்போட்டுத் தனியாவே உள்ள போயிட்டாரு. பேனாவக் கூடக் கேக்கல. நல்லதாப் போச்சு. கட்டோடயே கட்டிப்புடிக்கட்டும், சம்பந்தி ஊட்டுக்காரங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க. இந்தச் சேர்லயே பேனாவ வெக்கறேன், வந்து எடுத்துக்குவாரு. நோட்டீசு… அதப் பையிலயே வெச்சுக்கறேன். பின்பக்கம் காலியாத்தான் இருக்குது, மருந்து வேளை எழுதிக்கலாம்.

சிஸ்டர், ஏனுங்க சிஸ்டர். பழனியாத்தா ஊட்டுக்காரனுங்க. ஃபாரம் இந்தாங்க, மூணு பக்கமும் போட்டாச்சு. இல்லீங்க, ஒண்ணும் அடிக்கல, பாத்துக்குங்க. அவளக் கொண்டுபோறதுக்கு முன்னால நான் ஒருக்கா உள்ள போகோணும். ஒரு வார்த்த சொல்லோணுமுங்க. எத்தன? ரெண்டு நிமிசமா.

ஒரு அஞ்சு…

இல்லீங்க. ரெண்டு போதுமுங்க.